வெளிச்சத்துக்கு வழி காட்டும் சத்தம்

ஸ்கேன் சென்டரில் கொடுத்த கவரை வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பிரித்துவிட்டேன். இரண்டு பக்கம் இங்கிலீஷ். பிளஸ் டூ வரை படித்தவள்தான் என்றாலும் அந்த இங்கிலீஷ் வேறு ஜாதி. ஒரு வரியும் பிடிபடவில்லை. கடைசியில் மட்டும் தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தது. 4.

நடந்தது 2022ஆம் வருஷம், ஆடி மாதம். அதற்கு மூன்று வாரம் முன்னால் குளிக்கும்போது வலது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிதான் இல்லையே என்று இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டேன். அது நான் செய்த முதல் தப்பு. இரண்டாவது தப்பு, அந்த 4ஐப் பற்றி எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டது. அவர் பாவம், நல்லவர்தான். "நாலுன்னா நாலாவது ஸ்டேஜ் இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டு, கேட்டோமே என்று அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

இவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். மாமியாரிடம் சொல்லத் தைரியமில்லை. இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. மூத்தவள் கல்யாணம், சின்னவன் பரீட்சை, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதே என்பது வரை எல்லாம் ஓடியது. அந்த ஸ்கேன் சென்டரின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கவரைக் கையில் கொடுக்கும்போது, "இந்த எண் ஸ்டேஜ் இல்லை, டாக்டரைப் பாருங்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எனக்கு அந்த இரண்டு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டு, முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகுதான் விளக்கினார். இது படம் பார்க்கிற டாக்டர்கள் போடும் மார்க். 0 முதல் 6 வரை உண்டு. 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும். 1 என்றால் ஒன்றுமே இல்லை. 2 என்றால் கட்டி இருக்கிறது, நல்ல கட்டி. 3 என்றால் அநேகமாக நல்லதுதான், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். 4 என்றால் சந்தேகம், ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 5 என்றால் பெரும்பாலும் புற்றுநோய்தான். 6 என்பது ஏற்கெனவே சோதனையில் உறுதியானவர்களுக்கு. "நாலு போட்டு ஊசி பார்த்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஒண்ணுமில்லைன்னுதான் வரும். அதுக்காகப் பார்க்காமலும் விடக் கூடாது" என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்தவுடன் வாயும் வந்தது. "ஏன் டாக்டர், இத்தனை பெரிய மெஷினை வெச்சுக்கிட்டு, நல்லதா கெட்டதான்னு உள்ளேயே பார்த்துச் சொல்ல முடியாதா? ஊசி எதுக்கு?" என்றேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் குத்தப் போறேன்? ஸ்கேன் உருவத்தைக் காட்டும்மா. குணத்தைக் காட்டாது."

ஊசி போட்டு, ரிசல்ட்டுக்கு ஐந்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஐந்து நாளில்தான் என் அக்கா மகன் வந்து சேர்ந்தான். மருத்துவக் கருவிகள் சம்பந்தமான படிப்பு படிக்கிறான். டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவனிடம் சொன்னேன். "கரெக்டா சொல்லியிருக்காங்க சித்தி. குணத்தையும் பார்க்கணும்னுதான் உலகத்துல நிறையப் பேர் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தான். அன்றைக்குப் பார்த்துக் கரண்டும் போயிற்று. அதுவும் நல்லதற்குத்தான். அவன் செய்து காட்டியதற்கெல்லாம் இருட்டுதான் வேண்டியிருந்தது.

நீங்களும் இன்று ராத்திரி செய்து பாருங்கள். டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்து அழுத்துங்கள். கை முழுவதும் சிவப்பாக ஜொலிக்கும். வெளிச்சம் சதைக்குள் புகுந்து வெளியேயும் வருகிறது, பார்த்தீர்களா? ஆனால் உள்ளே இருக்கிற எலும்பு தெரிகிறதா? தெரியாது. இத்தனை வெளிச்சம் வந்தும் ஏன் தெரியவில்லை என்பதுதான் கேள்வி.

அடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பின்னால் செய்தித்தாளை வையுங்கள். எழுத்து நன்றாகத் தெரியும். இப்போது சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுக்கொண்டே வாருங்கள். கொஞ்ச நேரத்தில் எழுத்து மறைந்துவிடும். ஆனால் டம்ளர் இருட்டாகிவிடவில்லை, வெள்ளையாக வெளிச்சமாகத்தான் இருக்கிறது. பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் வெளிச்சத்தை விழுங்கவில்லை, திசை மாற்றி அடிக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட குழந்தை மாதிரி, நேராகப் போக வேண்டிய ஒளி இப்படியும் அப்படியுமாக இடிபட்டு, எங்கே கிளம்பியது என்பதே தெரியாமல் வெளியே வந்து சேர்கிறது. நம் உடம்பும் அப்படித்தான். எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப்பானாலும் சுமார் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் ஒளியால் தெளிவான படம் எடுப்பது கஷ்டம். 1 மில்லிமீட்டர் என்பது தோலைத் தாண்டுவதற்கே பத்தாது.

சத்தம் அப்படியில்லை. தேங்காய்க் கடையில் நாம் என்ன செய்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம். உடைக்காமலே உள்ளே இருப்பதைக் காது சொல்லிவிடுகிறது. ஸ்கேன் மெஷினும் தட்டித்தான் பார்க்கிறது. நம் காதுக்கு எட்டக்கூடிய சத்தம் வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான். ஸ்கேன் கருவியோ வினாடிக்கு இருபது லட்சம் முதல் ஒன்றரைக் கோடி வரை அதிர்வுகள் அனுப்பும். அது உள்ளே போய், ஒரு சதை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் எதிரொலித்துத் திரும்பி வரும். வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போட்டுத் திரையில் புள்ளி வைக்கிறது கம்ப்யூட்டர். சதைக்குள் சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஓடும். ஒளியைப் போல அது சிதறுவதில்லை. அதே தூரத்தில் ஒளி சிதறுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சத்தம் சிதறும். அதனால்தான் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் விரலைக்கூடப் பார்க்க முடிகிறது. மார்பில் ஜில்லென்று ஒரு பசை தடவுகிறார்களே, அது எதற்குத் தெரியுமா? கருவிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாமல் அங்கேயே திரும்பிவிடும். காற்றை விரட்டத்தான் பசை. நான் இத்தனை காலம் அது ஏதோ மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஸ்கேன் வந்த கதையே தனி. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்ட் என்று ஒரு பெண்கள் மருத்துவர். இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் சத்தக் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். 1955இல் அவர், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! கெட்டியான கட்டி ஒரு மாதிரியும் நீர்க் கட்டி வேறு மாதிரியும் எதிரொலிப்பதை அங்கே பார்த்தார். பிறகு, வயிற்றில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணியை ஸ்கேன் செய்தபோது, அது சூலகத்தில் வந்த பெரிய நீர்க் கட்டி என்று தெரிந்தது. அதை அறுத்து எடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். 1958இல் இந்த விவரங்களை டொனால்டும் அவருடன் வேலை செய்தவர்களும் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அந்தப் பெண்மணியும் என்னைப் போலத்தான் பல ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, நீர்க் கட்டியா கெட்டிக் கட்டியா என்பதை ஸ்கேன் அழகாகச் சொல்லிவிடும். திரையில் நீர் கறுப்பாகத் தெரியும், கெட்டி சாம்பலாகத் தெரியும். ஓரம் வழவழப்பா, பிசிறா என்றும் சொல்லும். அதற்கு மேல் அந்தக் கட்டியின் செல்கள் நல்லவையா கெட்டவையா என்றால் கையை விரித்துவிடும். அதைச் சொல்லத் தெரிந்தது ஒளிதான். அதிலும் ஒரு விசேஷமான ஒளி.

பாங்கில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கடியில் காட்டினால் உள்ளே நூல் மின்னுகிறதல்லவா, அந்த விசேஷம்தான். வெளுத்த வேட்டி அந்த விளக்கில் நீலமாகப் பளீரென்று தெரிவதும் அதனால்தான். ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிற ஒளியாகத் திருப்பிக் கொடுப்பது. இதற்கு ஃப்ளோரசன்ஸ் என்று பெயர் வைத்தவர் அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி, 1852இல். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தின் கரைசல் வெயில் பட்டு நீலமாக மின்னுவதை வைத்து ஆராய்ச்சி செய்தார். நம் சமையலறையிலும் இது இருக்கிறது. பசுங்கீரையை நசுக்கிக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, நோட்டுப் பார்க்கும் அந்த ஊதா டார்ச்சை அடித்தால் பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். என் சின்னவன் நம்பவேயில்லை. நான்கு தடவை விளக்கை அணைத்துப் பார்த்தான். (ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்பு கூடாது, அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஊதா டார்ச்சைக் கண்ணில் அடிக்கவும் கூடாது.)

இங்கே ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒசாமு ஷிமோமுரா ஜப்பானியர். அமெரிக்காவில் ஃபிரைடே ஹார்பர் என்ற கடலோர ஊருக்குக் கோடை தோறும் மனைவி, மக்களோடு போய், ஒளிரும் ஜெல்லி மீன்களை வலை போட்டு அள்ளுவார். ஒன்றிரண்டல்ல, வருஷக்கணக்கில் போய் எட்டு லட்சத்துக்கும் மேல் பிடித்தார்கள். அந்த மீனிலிருந்து பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தை 1962இல் கண்டுபிடித்துச் சொன்னார். பிற்பாடு வேறு விஞ்ஞானிகள் அந்தப் புரதத்தை மற்ற உயிர்களின் செல்களுக்குள்ளேயே உண்டாக்கி, எந்த செல் எங்கே என்ன செய்கிறது என்று ஒளியை வைத்தே கண்டுபிடிக்க வழி செய்தார்கள். 2008இல் மூன்று பேருக்குச் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அந்த மனைவி எத்தனை கோடை விடுமுறையை மீன் வலையோடு கழித்திருப்பார்! பரிசில் அவர் பெயர் இல்லை.

மனிதர்களுக்குக் கொடுக்கக்கூடிய சாயமும் இருக்கிறது. இண்டோசயனின் கிரீன் என்று பெயர். போட்டோ ஃபிலிம் செய்யும் கோடாக் கம்பெனியின் ஆராய்ச்சியில் பிறந்தது. 1959இலேயே அமெரிக்காவில் மருத்துவத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் ஏற்றினால் கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது தரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. டி.வி. ரிமோட்டிலிருந்து வரும் ஒளி தெரிகிறதா? அந்த வகை. தனி காமிரா வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வகை ஒளியை ரத்தம் அதிகம் விழுங்காததால், மற்ற நிறங்களைவிட அது கொஞ்சம் ஆழம் போகும்.

இதன் அருமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் பெரிய நாத்தனாருக்கு 2009இல் மார்பில் ஆபரேஷன் நடந்தது. நோய் பரவியிருக்குமோ என்று அக்குளில் உள்ள நெறி முடிச்சுகளை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டார், நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தக் கை அன்றிலிருந்து வீங்கித்தான் இருக்கிறது. குடம் தூக்க முடியாது. வளையல் ஏறாது. ஒரு கல்யாணத்தில் யாரோ தெரியாமல், "என்ன, ஒரு கையில மட்டும் வளையல்?" என்று கேட்டுவிட, அவர் பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டார். இப்போதெல்லாம் கட்டிக்குப் பக்கத்தில் சாயத்தைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றதைத் தொடுவதில்லை. நீலச் சாயமும் போடுவார்கள், இந்தப் பச்சைச் சாயமும் போடுவார்கள். ஆனால் பச்சைச் சாயத்தின் ஒளி சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் இருந்தால் மங்கிவிடுகிறது. உடம்பு கனத்தவர்களுக்கு முடிச்சு இன்னும் உள்ளே இருக்குமே! மறுபடியும் அதே பால் டம்ளர் சங்கடம்தான்.

"அதனாலதான் சித்தி, சத்தத்தையும் ஒளியையும் ஜோடி சேர்த்துட்டாங்க" என்றான் அக்கா மகன். சத்தத்துக்கு இடம் தெரியும், குணம் தெரியாது. சாயத்தின் ஒளிக்குக் குணம் தெரியும், இடம் தெரியாது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

அவன் சொன்ன முதல் வழியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் நானே ஓர் உதாரணம் கண்டுபிடித்தேன். தேர்த் திருவிழாக் கூட்டம். ஆயிரம் பிள்ளைகள் ஒரு பக்கம் நுழைந்து, இடிபட்டு, தாறுமாறாகச் சுற்றி, மறுபக்கம் வெளியே வருகிறார்கள். கூட்டத்தின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் ஒரு பாட்டி நின்றுகொண்டு, தன்னைத் தாண்டிப் போகிற பிள்ளைகள் நெற்றியில் மட்டும் குங்குமம் இடுகிறாள். வெளியே வந்ததும் குங்குமம் இட்ட பிள்ளைகளை மட்டும் பொறுக்கி, "வந்த வழியே, ஓர் அடி பிசகாமல் திரும்பிப் போங்கள்" என்றால் என்ன ஆகும்? அத்தனை பேரும் பாட்டியிடம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஒருத்தருக்கும் பாட்டி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள்தான் ஒளி. பாட்டி, உடம்புக்குள் ஒரு புள்ளியில் குவித்து அனுப்பிய ஸ்கேன் சத்தம். அந்தப் புள்ளியைக் கடக்கும் ஒளியின் அதிர்வு எண் இம்மி அளவு மாறும். அதுதான் குங்குமம். வெளியே வரும் ஒளியில் மாறினதை மட்டும் கருவி பிரித்துப் பதிவு செய்து, அதே வழியில் பின்னோக்கித் திருப்பி அனுப்புகிறது. சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும். இதுவோ வந்த வழியிலேயே அனுப்பும். அந்த ஒளியெல்லாம் சதைக்குள் ஒரே புள்ளியில் போய்க் குவிகிறது. அங்கே சாயம் இருந்தால் மின்னும், இல்லாவிட்டால் மின்னாது. பிறகு பாட்டியை ஓர் அடி நகர்த்த வேண்டும், அதாவது சத்தத்தின் புள்ளியை நகர்த்த வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும். நாம் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால் கடைசியில் படம் வந்துவிடும்.

சத்தத்தைத் தொட்டு வந்த ஒளியை இப்படித் திருப்பி அனுப்பலாம் என்று 2011இல் செய்து காட்டியவர் லிஹாங் வாங், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில். 2012இல் கலிபோர்னியாவில் கால்டெக்கில் சாங்ஹுவே யாங் என்பவரின் குழு, அதைக் கம்ப்யூட்டரும் காமிராவும் வைத்துச் செய்து, 2.5 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒளிரும் சின்னஞ்சிறு புற்றுநோய்த் திசுக்களைப் படம் எடுத்தது. குறுக்குவாட்டில் ஒரு புள்ளியின் அளவு 36க்கு 52 மைக்ரான். தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. 2.5 மில்லிமீட்டர்தானா என்று உதட்டைப் பிதுக்கினேன். "கோழி முட்டைக்குள்ள போன நூலை வெளியிலிருந்தே எண்ணற மாதிரி சித்தி" என்று அவன் கோபித்துக்கொண்டான். ஆனால் உயிருள்ள உடம்பில் இதற்கு ஒரு பெரிய தடை என்று அவனே ஒப்புக்கொண்டான். ரத்தம் ஓடுகிறது, மூச்சு அசைகிறது. கூட்டம் நகர்ந்துவிட்டால் வந்த வழி ஏது? ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் வரும் நேரத்துக்குள் பதிவும் செய்து, திருப்பியும் அனுப்பிவிட வேண்டும்.

இரண்டாவது வழிதான் எனக்கு உடனே பிடித்துப் போயிற்று, ஏனென்றால் அது சமையல். டெக்ஸாஸில், ஆர்லிங்டன் பல்கலைக்கழகத்தில் பாஹோங் யுவான் என்பவரின் குழு செய்வது. ஒரு முறம் கீரையை வாணலியில் போட்டுச் சூடு காட்டினால் தண்ணீர் விட்டுக் கைப்பிடியாகச் சுருங்கிவிடுகிறதல்லவா? அதே மாதிரி, கொஞ்சம் சூடு பட்டால் தண்ணீரைக் கக்கிச் சுருங்கும் நுண்ணிய உருண்டைகளைச் செய்து, அதற்குள் பச்சைச் சாயத்தை வைக்கிறார்கள். தண்ணீரோடு இருக்கும்போது சாயம் மங்கல். உருண்டை சுருங்கித் தண்ணீர் வெளியேறினால் சாயம் பளிச். உடம்பின் சாதாரணச் சூட்டில் அது அணைந்த விளக்குப் போலக் கிடக்கும். வெளியிலிருந்து சத்தத்தை ஒரு புள்ளியில் குவித்தால் அந்த இடத்தில் மட்டும் சில டிகிரி சூடு ஏறும். அந்த இடத்து விளக்கு மட்டும் எரியும். அந்த ஒளி வெளியே வரும்போது எப்படிச் சிதறினால் நமக்கென்ன? எந்த இடத்தில் ஸ்விட்சைப் போட்டோம் என்பது நமக்குத் தெரியுமே! வீட்டுக்கு வெளியே நின்றபடி, ஜன்னல் திரைச்சீலையில் வெளிச்சம் பட்டதை வைத்து, எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று சொல்வது மாதிரி. படம் முதல் வழியைப் போல அத்தனை நுணுக்கமாக வராது. ஆனால் மில்லிமீட்டர் கணக்கிலிருந்து சென்டிமீட்டர் கணக்குக்கு ஆழம் போக முடிகிறது. 2016இல் சதை மாதிரியே செய்த பொருளில் செய்தார்கள். 2019இல் உயிருள்ள எலிகளில் செய்து வெளியிட்டார்கள். எலியோடு இதைத் தப்பில்லாமல் செய்து முடித்து, மனிதர்களுக்கு அந்த உருண்டைகள் கெடுதல் இல்லை என்று நிரூபித்து, ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எத்தனையோ படிகள் உண்டு. அதனால் யாராவது இன்று உங்கள் ஊரில் "ஊசி இல்லாமல் சொல்லிவிடுகிறோம்" என்று பலகை மாட்டினால் நம்ப வேண்டாம். இன்றைக்கு ஊசிதான் முடிவைச் சொல்லும்.

இந்தக் குடும்பத்தில் ஓர் ஒன்றுவிட்ட தம்பி மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டான். அதில் ஒளி உள்ளே போகும், சத்தம் வெளியே வரும். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல், 1880இல் வெயிலை விட்டு விட்டு ஒரு பொருள் மீது விழச் செய்தால் அதிலிருந்து சத்தம் எழுவதைக் கண்டார். ஒளி பட்டதும் பொருள் துளி சூடாகி விரிகிறது, விட்டதும் சுருங்குகிறது. அந்த அதிர்வுதான் சத்தம். அதே தத்துவத்தில் லேசர் ஒளியை மின்னல் நேரம் உடம்பில் பாய்ச்சினால், ரத்தக் குழாய்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி சூடாகி, நுண்ணிய சத்தம் எழுப்பும். ஸ்கேன் கருவி அதைக் கேட்டுப் படம் போடும். கெட்ட கட்டிகள் தமக்கென்று தாறுமாறாக ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்தப் படம் உதவும். லிஹாங் வாங் கால்டெக்குக்கு மாறிய பிறகு, 2018இல் அவருடைய குழு, ஒரு பெண் 15 வினாடி மூச்சை அடக்கும் நேரத்துக்குள் மார்பு முழுவதையும் 4 சென்டிமீட்டர் ஆழம் வரை இப்படிப் படம் எடுத்தது. மாமோகிராம் எடுத்துக்கொண்ட சகோதரிகளுக்கு இதன் அருமை புரியும். நசுக்கவும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. இந்த வகையில் ஸ்கேனோடு சேர்ந்த மார்புக் கருவி ஒன்றுக்கு 2021 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது. ஏற்கெனவே கண்டுபிடித்த கட்டிக்கு எந்த மார்க் போடுவது, ஊசி தேவையா என்று டாக்டர் தீர்மானிக்க அது ஒரு துணை. என் 4 அங்கே ஒருவேளை 3 ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம்.

கரண்ட் வந்தபோது மணி பத்தரை. மாமியார் அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "எனக்கும் முப்பத்தஞ்சு வயசுல இடது பக்கம் இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. வருஷம் பூரா பயந்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் அதுவா கரைஞ்சுடுச்சு" என்றார். முப்பத்தைந்து வயதில்! அப்போது இவருக்கு எட்டு வயது இருக்கும்.

ஐந்தாம் நாள் ரிசல்ட் வந்தது. நார்க்கட்டி, கெடுதல் இல்லாதது. அறுக்க வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்த்தால் போதும் என்றார் டாக்டரம்மா. பெரிய நாத்தனாருக்கு அன்று ராத்திரியே போன் செய்து சொன்னேன். அவர் அழுதுவிட்டார். அப்புறம் அந்தப் பச்சைச் சாயத்தைப் பற்றிச் சொன்னபோது, "அப்பவே இருந்திருந்தா வளையல் போட்டிருப்பேன்" என்றார். சாயம் அப்போதே இருந்தது என்பதை நான் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்குப் போனபோது வேறு இடத்துக்குத்தான் போனேன். மாமியாரும் கூட வந்தார். தனக்கும் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று அவரே கேட்டார். எழுபத்தைந்து வயது, இதற்கு முன் ஸ்கேன் அறைக்குள் போனதில்லை. நர்ஸ் பசையைத் தடவியதும், "ஐயோ, ஜில்லுங்குதே, என்ன மருந்து இது?" என்றார். நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் நான் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்லிவிட்டேன்.